செராமாக் கோழியைத் தரம் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பசாருக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களுக்கு நடுவே, அட்டைப் பெட்டியில் ஒரு சேவலைப் போட்டு மோட்டாரில் கட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. "அக்கா, இது தேறுமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இருபது வருடத்துக்கு மேலாகச் செராமா வளர்க்கிறேன். இந்த வட்டாரத்தில் நடக்கிற சின்னப் போட்டிகளில் உட்கார்ந்து புள்ளியும் போட்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள் வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலும் எழுதிவிட்டேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வருகிற பதில்களுக்கு முன்னால் உள்ளவை வேண்டியிருக்கும்.

"செராமான்னா என்னக்கா? கட்டையா இருக்கற கோழியெல்லாம் செராமாதானே?"

இல்லை. சின்ன உருவக் கோழிகள் பல வகை உண்டு. தீம்பாரில் (தோட்டத்தில்) லயத்துக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்த ஆயாம் காத்தேக் என்ற குட்டைக் கோழி கூடச் சின்னதுதான். செராமா கிளந்தான் மாநிலத்தில் உருவான தனி இனம். உலகத்திலேயே மிகச் சிறிய கோழி இனம் என்று பெயர் வாங்கியது. இப்போது நாம் பார்க்கிற வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்த பெருமை கிளந்தான்காரரான வீ யீன் ஈனுக்குப் போகிறது. ஜப்பானியச் சிறுகோழியையும் இங்கிருந்த சிறுகோழிகளையும் கலந்து, பொறுக்கிப் பொறுக்கி எடுத்து வளர்த்தார். தாய்லாந்து மன்னர்களுக்கு வழங்கும் ராமா என்ற பட்டத்தை ஒட்டிப் பெயரும் வைத்தார். 1990இல் முதன்முதலாகப் பொதுக் காட்சிக்கு வந்தது.

செராமாவை மற்ற சிறுகோழிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அது நிற்கிற நிலை. நெஞ்சு முன்னால் தூக்கி, தலை பின்னால் சாய்ந்து, வால் செங்குத்தாக எழும்பி, இறக்கை நேராகக் கீழே இறங்கி நிற்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் கழுத்துக்கும் வாலுக்கும் நடுவே முதுகு என்று ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. இந்த நிலை இல்லாவிட்டால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அது வெறும் சின்னக் கோழிதான்.

"எங்க பாட்டி காலத்துலேர்ந்து நாட்டுக்கோழி வளர்க்கறோம். அந்தக் கண்ணு போதாதா?"

பாதி போதும். சீக்கு இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, எச்சம் எப்படிப் போகிறது என்பதெல்லாம் உங்கள் பாட்டி பார்த்த மாதிரியே பாருங்கள். ஆனால் நாட்டுக்கோழியில் நாம் தேடியது முட்டையும் கறியும் அடைகாக்கும் குணமும். அவற்றை வைத்துச் செராமாவை அளந்தால் கணக்கு தப்பும்.

எந்தக் குணத்தைப் பார்த்தாலும் நான் கேட்டுக்கொள்கிற கேள்வி இதுதான்: இது எலும்பில் இருக்கிறதா, இறகில் இருக்கிறதா, மனசில் இருக்கிறதா? எலும்பில் உள்ளதை உங்களால் மாற்ற முடியாது, அது குஞ்சுக்கும் இறங்கும். இறகில் உள்ளதில் பாதி பருவமும் தீனியும் செய்கிற வேலை. மனசில் உள்ளதைப் பழக்கத்தால் ஓரளவு வளர்க்கலாம். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றிலும் இந்த மூன்றும் வரும்.

"எத்தன கிராம் இருக்கணும்? சின்னதா இருக்க இருக்க நல்லதுதானே?"

வளர்ந்த செராமா பொதுவாக 500 கிராமைத் தாண்டக் கூடாது. பெட்டை சேவலைவிட எடை குறைவாக இருக்கும். காலையில் தீனி போடுவதற்கு முன்னால் நிறுத்துப் பாருங்கள். இரைப்பை நிறைந்திருக்கும்போது நிறுத்துவிட்டு, எடை கூடிவிட்டது என்று தீனியைக் குறைத்தவர்களை எனக்குத் தெரியும். பட்டினி போட்டு எடை குறைப்பது கொடுமை. எலும்பு பெரிதாக இருந்தால் எவ்வளவு மெலிந்தாலும் பெரிதாகத்தான் தெரியும்.

அளவுக்கு மீறிச் சின்னதாவதும் நல்லதில்லை. மிகச் சிறிய பெட்டைக்கு முட்டை உள்ளே சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். போட்டியில் காட்ட ஒரு பொடிசு இருக்கட்டும், குஞ்சு எடுக்கக் கொஞ்சம் அகலமான இடுப்புள்ள பெட்டையை வையுங்கள்.

"கையில எப்படிப் புடிக்கிறது? புடிச்சு என்ன பார்க்கறது?"

உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கோழியின் நெஞ்சு அதில் உட்காருகிற மாதிரி, தலை உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். இரண்டு கால்களும் உங்கள் விரல்களுக்கு நடுவே வரட்டும். இறுக்க வேண்டாம். செராமாவின் விலா எலும்பு அவ்வளவு மெல்லியது. மற்றக் கை முதுகின் மேல் லேசாக இருந்தால் போதும். அரை நிமிடத்தில் அதன் மூச்சு அடங்கும், அப்போதுதான் பார்க்க ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் நெஞ்செலும்பு. கட்டைவிரலை மேலிருந்து கீழாக மெதுவாக ஓட்டுங்கள். துணியில் தையல் கோணிப் போனால் விரலுக்குத் தெரியும் அல்லவா, அப்படியே எலும்பு ஒரு பக்கம் வளைந்திருந்தாலும் தெரியும். எலும்பின் இரண்டு பக்கமும் சதை உருண்டையாக இருக்க வேண்டும். கத்தி முனை மாதிரி எலும்பு மட்டும் தட்டுப்பட்டால் அந்தக் கோழி மெலிந்திருக்கிறது, அல்லது சீக்கில் இருக்கிறது. பிறகு வால் முளைக்கிற குமிழை இரண்டு விரலால் தொட்டுப் பாருங்கள், அது நடுவில் நேராக இருக்கிறதா என்று. அடுத்து ஒவ்வொரு இறக்கையையும் விரித்துப் பார்க்க வேண்டும். கடைசியாக ஆசனவாயைச் சுற்றி இறகை ஊதி விலக்கிப் பாருங்கள். பேனும் செள்ளும் அங்கேதான் கூடு கட்டியிருக்கும்.

இவ்வளவும் கீழே விட்டு நடக்கவிடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. நிற்கிற அழகைப் பார்த்து மயங்கிவிட்டால் கைக்கு வேலை இருக்காது, மனசு விலை பேச ஆரம்பித்துவிடும்.

"நெஞ்சு எவ்வளவு தூக்கலா இருக்கணும்?"

முழு வட்டமாக, முன்னால் தள்ளி, உயரத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் நெஞ்சின் முனை கால் நிற்கிற இடத்துக்கு நன்றாக முன்னால் வர வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்தவன் மாதிரி ஒரு நொடி தூக்கிவிட்டு இறக்குகிற நெஞ்சு எலும்பில் இல்லை. கோழி தீனி கொத்தும்போதும், திரும்பி நடக்கும்போதும் நெஞ்சு அந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

வளர்ப்பவர்களுக்குள் பாணிப் பெயர்கள் உண்டு: ஆப்பிள், ஸ்லிம், போல் (பந்து), டிராகன். ஆப்பிள் உருண்டு திரண்டது, ஸ்லிம் ஒடுங்கிய உடம்பு. டிராகன் நெஞ்சைத் தலைக்கும் மேலே தூக்கித் தலையை முதுகில் சாய்த்துவிடும். டிராகனைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலையை அவ்வளவு பின்னால் சாய்த்துவிட்டு, தன் காலடியில் கிடக்கும் தீனியைப் பார்க்கத் தடுமாறுகிற கோழிக்கு நான் முழுப் புள்ளி போட்டதில்லை.

"வால் நேரா நிக்கணும்ங்கறாங்க. எவ்வளவு நேரா?"

தரைக்கு 90 பாகைக்குப் பக்கத்தில். நாட்டுச் சேவலின் வால் அரிவாள் மாதிரி வளைந்து விழும். செராமாச் சேவலின் முக்கிய வாலிறகுகள் வாள் மாதிரி லேசாக மட்டும் வளைந்து நிமிர்ந்து நிற்க வேண்டும். உயரம் தலையைத் தொடுகிற அளவு, அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே. விரிந்திருக்க வேண்டும், மூடிய விசிறி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

பக்கவாட்டில் பார்ப்பதோடு யாரும் நிறுத்தாதீர்கள். பின்னால் போய் நின்று பாருங்கள், மேலிருந்தும் பாருங்கள். பல வருடங்களுக்கு முன்னால் வேறு ஊர்ச் சந்தையில் ஒரு செந்நிறச் சேவலை 350 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். விற்றவர் அதைக் கையிலேயே வைத்துக் காட்டினார், கீழே விடவே இல்லை. அவருடைய கட்டைவிரல் வாலடியில் இருந்ததை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து துணி வெட்டுகிற மேசையில் விட்டேன். கொண்டை நுனியிலிருந்து வால் வரைக்கும் அளவு நாடாவை நேராகப் பிடித்துப் பார்த்தால், வால் நாடாவை விட்டு ஒரு விரல்கடை வலப் பக்கம் சாய்ந்திருந்தது. நிறத்துக்காக அதையே ஜோடி சேர்த்தேன். வந்த ஒன்பது குஞ்சில் நாலுக்கு வால் வலப் பக்கம். கோணல் வால் பெரும்பாலும் எலும்பில் வருவது. கூண்டு சிறிதாக இருந்து வாலிறகு மட்டும் மடங்கியிருந்தால், குமிழ் நேராக இருக்கும். இறகு புதிதாக முளைத்ததும் சரியாகிவிடும். அதனால்தான் மேலே குமிழைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"இறக்கை தரையத் தொடணுமா?"

செங்குத்தாக இறங்கித் தரைக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். தரையில் உரசினால் நுனி தேய்ந்து சிதைந்துவிடும், நடையும் தடுக்கும். நாட்டுக்கோழி மாதிரி இறக்கையை உடம்போடு படுக்கையாக மடித்துக்கொண்டால் அது செராமா நிலை இல்லை. ஒரு இறக்கை மட்டும் இறங்கியிருந்தால் அடிபட்டதா என்று தோள் மூட்டைத் தடவிப் பாருங்கள். இரண்டும் தொங்கி, கண்ணும் பாதி மூடியிருந்தால், அதை அழகு என்று எண்ணிவிடாதீர்கள், அது காய்ச்சல்.

இறக்கையை விரித்தால் வெளிப்பக்கம் நீளமான பறக்கும் இறகுகள் இருக்கும், வழக்கமாகப் பத்து. அவற்றுக்கும் உள்பக்க இறகுகளுக்கும் நடுவே குட்டையாக ஒரு நடு இறகு. அந்த இடத்தில் இடைவெளி விழுந்து இறக்கை இரண்டாகப் பிளந்த மாதிரி இருந்தால் பெரிய குறை. இறகு உதிர்கிற சமயத்தில் தற்காலிகமாகவும் இடைவெளி தெரியும். அங்கே புது இறகின் குருத்து முட்டிக்கொண்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

"கால் கட்டையா இருந்தா எவ்வளவு அழகு! அதுக்கு ஏன்க்கா மார்க் குறைக்கிறீங்க?"

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இது. செராமாவுக்கு நடுத்தர நீளக் கால் வேண்டும். இரண்டு காலும் நேராக, தோளகலத்துக்கு விலகி நிற்க வேண்டும். முட்டி ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது. அந்தக் கால் நெஞ்சைத் தூக்கிப் பிடிக்கிற தூண். கட்டைக் காலில் நெஞ்சு தரையோடு தரையாகப் போய்விடும், இறக்கையும் உரசும்.

இன்னொரு காரணம் முட்டைக்குள் இருக்கிறது. செராமாவின் மூதாதையான ஜப்பானியச் சிறுகோழியில் கால்களைக் குட்டையாக்கும் ஒரு மரபணு உண்டு, சில செராமாக்களிலும் அது வந்திருக்கிறது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் அது கிடைத்தால் கோழிக்குக் கால் கட்டை. இரண்டு பக்கமிருந்தும் கிடைத்தால் கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். கட்டைக்கால் சேவலையும் கட்டைக்கால் பெட்டையையும் சேர்த்தால் கணக்குப்படி நான்கு கருவில் ஒன்று சாகும், இரண்டு கட்டைக்காலாக வரும், ஒன்று நல்ல காலோடு வரும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச்சைப் பிடித்து முட்டையைப் பார்த்தால், சிலந்தி மாதிரி நரம்பு ஓட வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு வளையம் மட்டும் நிற்பது தெரியும். கரு நாலைந்து நாளிலேயே நின்றுவிட்டதன் அடையாளம் அது. (வேறு காரணங்களாலும் அந்த வளையம் வரும். ஒரே ஜோடியில் அடைக்கு அடை நாலில் ஒன்று இப்படிப் போனால் காலைச் சந்தேகப்படுங்கள்.) கட்டைக்காலை வைத்திருந்தே ஆக வேண்டும் என்றால் நீளக்கால் ஜோடியோடு மட்டும் சேருங்கள், சாகிற கரு இருக்காது.

"கொண்டையில அஞ்சு பல்லு இருக்கணுமாமே?"

ஒற்றைக் கொண்டை, நேராக நிமிர்ந்தது, ஐந்து பல் இருந்தால் சிறப்பு. நாலோ ஆறோ இருந்தால் லேசாகக் குறையும். பக்கவாட்டில் முளைத்த பல்லும், மடிந்து கண்ணை மறைக்கிற கொண்டையும் அதைவிடப் பெரிய குறை. நெஞ்சும் வாலும் பார்த்து முடித்த பிறகு கொண்டைக்கு வாருங்கள்.

"எந்தக் கலர் நல்லது?"

நம் நாட்டுப் போட்டி மேசையில் நிறத்துக்குப் புள்ளி இல்லை. செராமாவில் நிறம் சொன்னபடி இறங்குவதும் இல்லை. கறுப்பையும் கறுப்பையும் சேர்த்தால் வெள்ளை, செம்மை, புள்ளி என்று எதுவும் வரலாம். 2001இல் அமெரிக்காவுக்குப் போன பிறகு அங்கே நிற வரிசைப்படி தரம் பிரிக்கிற வழக்கத்தில் இதையும் சேர்த்தார்கள். 2011இல் வெள்ளை நிறச் செராமாவை அங்குள்ள கோழி வளர்ப்பாளர் சங்கம் தன் தர நூலில் ஏற்றுக்கொண்டது. நம் ஊரில் நிறம் பார்த்து வாங்கினால் அது உங்கள் ஆசைக்கு. என் 350 வெள்ளிக் கதையை மறக்க வேண்டாம்.

"வீட்டுல சிங்கம் மாதிரி நிக்குது. மேசையில வச்சா உக்காந்துடுது. என்ன பண்றது?"

இது மூன்றாவது வகை, மனசு. கூண்டில் நின்றால் எலும்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, மேசைதான் அதற்குப் புதுசு. தினமும் ஐந்து நிமிடம், ஒரே உயரத்து மேசை, மேலே ஒரு துணி. நீங்கள் பேசிக்கொண்டே பக்கத்தில் நில்லுங்கள். நின்று நடந்ததும் ஒரு புழுவோ, ஒரு பருக்கைச் சோறோ கொடுங்கள். முதல் வாரம் யாரும் தட்டித் தட்டி நிமிர்த்தாதீர்கள். பிறகு ஆள் சத்தம், குழந்தைகள், வானொலி எல்லாவற்றுக்கும் நடுவே பழக்கலாம். தீபாவளிக்கு முன்னால் என் கடையில் கூட்டம் நெரியும். அந்த மூன்று வாரம் மேசையில் நின்று பழகிய சேவல் எந்தப் போட்டிக்கும் பயப்பட்டதில்லை.

பழக்கியும் பம்முகிற கோழி உண்டு. அதை அடிக்கடி போட்டிக்குத் தூக்கிக்கொண்டு போவது பாவம். உடம்பு நன்றாக இருந்தால் வீட்டில் குஞ்சுக்கு வையுங்கள்.

"மேசையில வச்ச ரெண்டு நிமிஷத்துல ஜட்ஜுக்கு என்ன தெரிஞ்சிடப் போகுது?"

நிறையத் தெரியும். நான் உட்கார்ந்த மேசைகளில் முதலில் கோழியைத் தொடாமல் பார்ப்போம். இறக்கிவிட்டதும் எத்தனை நொடியில் தானாக நிமிர்கிறது? நடக்கும்போது நெஞ்சு இறங்குகிறதா? முன்னால் பார்க்கும்போது கால் இரண்டுக்கும் நடுவே இடம் இருக்கிறதா? பின்னால் பார்க்கும்போது வால் நடுவில் இருக்கிறதா? நின்று, இறக்கையை அடித்து, தலையை ஆட்டி, "நான்தான் இங்கே ராஜா" என்று காட்டுகிற கோழிக்கு அந்த நேரம் தாராளமாகப் போதும். வாட்டசாட்டமான உடம்பை வைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கி நிற்கிற கோழியைப் பார்க்கும்போது எனக்கே வருத்தமாக இருக்கும், ஆனால் அன்றைக்கு அது காட்டியதற்குத்தான் புள்ளி.

"பெட்டைக்கும் இதே அளவுகோல்தானா?"

எலும்புக்கு அதேதான். பெட்டையின் வால் சேவல் அளவுக்கு உயராது, ஆனால் நிமிர்ந்து விரிந்திருக்க வேண்டும். முட்டையிடுகிற நாட்களில் வயிறு கீழே இறங்கும், நெஞ்சு நிலையும் கொஞ்சம் தளரும். அதைக் குறையாக எழுதாதீர்கள். நம் ஆட்கள் சேவலுக்கு 500 வெள்ளி கொடுப்பார்கள், பெட்டையை 30 வெள்ளிக்குத் தேடுவார்கள். குஞ்சுக்குப் பாதி இரத்தம் தாயிடமிருந்து வருகிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் போதவில்லை.

"குஞ்சுலயே எது தேறும்னு சொல்ல முடியுமா?"

ஓரளவு. செராமா முட்டை 19 நாளிலேயே பொரிந்துவிடும், நாட்டுக்கோழிக்கு 21. மூன்று நாலு வாரத்தில் சில குஞ்சுகள் ஓடும்போதே நெஞ்சை நிமிர்த்தும். அவற்றின் காலில் நான் தையல் நூல் கட்டிவிடுவேன், நிமிர்வதற்குச் சிவப்பு, சந்தேகத்துக்கு மஞ்சள். வாராவாரம் அவிழ்த்துப் புதிதாகக் கட்ட வேண்டும், கால் பருக்கிற வேகத்தில் நூல் சதைக்குள் இறங்கிவிடும். 16 முதல் 18 வாரத்தில் பருவத்துக்கு வரும், அப்போது எலும்பைப் பற்றி உறுதியாகப் பேசலாம். வாலிறகு முழு நீளம் வர இன்னும் மாதங்கள் ஆகும். மூன்றாம் மாதத்தில் மஞ்சள் நூலோடு இருந்தது ஆறாம் மாதத்தில் சிவப்பை முந்தியதும் என் வீட்டில் நடந்திருக்கிறது. அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்.

"இறகு கொட்டற நேரத்துல வாங்கலாமா?"

தாராளமாக. விலை பேசவும் அது நல்ல நேரம். இறகு போனால் எலும்பு ஒளியாமல் தெரியும். நெஞ்செலும்பு, வால் குமிழ், கால் இடைவெளி மூன்றும் சரி என்றால் இறகு திரும்ப முளைக்கும். குருத்து முளைக்கிற இடத்தில் அழுத்தாதீர்கள், உள்ளே இரத்தம் ஓடும், வலிக்கும்.

"பூலு பாலேக் ரெண்டையும் ஜோடி சேர்த்தா இன்னும் சுருளா வருமா?"

இறகு வெளிப்பக்கம் திரும்பிச் சுருண்ட கோழியைத்தான் நம் ஊரில் பூலு பாலேக் என்கிறோம். அந்த மரபணு ஒரு பக்கமிருந்து மட்டும் வந்தால் அழகான சுருள். இரண்டு பக்கமும் வந்தால் இறகு நொறுங்கி உதிர்ந்து, குஞ்சு அரை மொட்டையாக நடுங்கிக்கொண்டு நிற்கும். சுருளை நேர் இறகோடு மட்டும் சேருங்கள், பாதிக் குஞ்சு சுருளாக வரும். கணக்கு கட்டைக்கால் கணக்கேதான், இங்கே முட்டைக்குள் சாவதில்லை என்பது மட்டும் வேறு.

"நெஞ்சு அளவுக்கு மீறித் தூக்கின சேவலும் நெஞ்சு தட்டையான பெட்டையும் சேர்த்தா நடுவுல வரும்தானே?"

வராது. ஒன்று அப்பாவைப் போல, ஒன்று அம்மாவைப் போல, ஒன்று இரண்டு குறையையும் சேர்த்துக்கொண்டு வரும். குறையைக் குறையால் அடைக்காதீர்கள். நெஞ்சு தட்டை என்றால், அளவான நெஞ்சுள்ள ஜோடியைத் தேடுங்கள்.

அதோடு, அண்ணன் தங்கையை மூன்று நாலு தலைமுறை தொடர்ந்து சேர்க்கிற பழக்கத்தை விடுங்கள். பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும். 2004 ஆகஸ்டில் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தபோது நோய் பரவாமல் தடுக்கக் கோழிகளை அழித்தார்கள், செராமாவுக்கு அது பெரிய அடி. 2017 மார்ச்சிலும் கிளந்தானில் அந்தக் காய்ச்சல் வந்தது. அதனால்தான் ஒரே ஆள் வீட்டில் எல்லா இரத்தமும் இருக்கக் கூடாது என்கிறேன். ஈப்போவிலும் கோலகங்சாரிலும் இருக்கிற வளர்ப்பாளர்களோடு சேவலை மாற்றிக்கொள்ளுங்கள். வெளியே போய் வந்த கோழியைக் குறைந்தது இரண்டு வாரம் தனிக் கூண்டில் வையுங்கள்.

"ஒரே சேவலுக்கு ரெண்டு போட்டியில ரெண்டு மார்க். யாரு சொல்றது சரி?"

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். நெஞ்சைப் பற்றிய பதிலில் சொன்ன பாணிகளில் ஒருவருக்கு ஆப்பிள் பிடிக்கும், இன்னொருவருக்கு டிராகன். அன்றைய வெயிலுக்குக் கோழி வாடியும் இருக்கலாம். புள்ளித் தாளைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பாருங்கள். வாலுக்கும் காலுக்கும் இரண்டு பேரும் ஒரே மாதிரி போட்டு, நடிப்பிலும் பாணியிலும் மட்டும் வேறுபட்டால் கவலைப்படாதீர்கள். கால் ஒருவருக்கு நேராகவும் ஒருவருக்குக் கோணலாகவும் தெரிந்திருந்தால், கோழியை வீட்டு மேசையில் விட்டு நீங்களே முன்னால் உட்கார்ந்து பாருங்கள்.

"வாலக் கட்டி வைக்கறாங்க, கோண இறகைப் புடுங்கிடறாங்க. எல்லாரும் செய்யறதுதானே?"

எல்லோரும் செய்வதில்லை. குளிப்பாட்டலாம், நகம் நறுக்கலாம், அலகை எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம், முறிந்த இறகை எடுக்கலாம். எலும்பில் உள்ள குறையை இறகால் மறைப்பது வேறு. வாலடியில் தொட்டால் கோழி துள்ளித் துடித்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு போகிறவர் ஒரு பையனாக இருப்பான், சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருப்பான். ஒரு வருடம் கழித்துக் குஞ்சுகள் கோணலாக நிற்கும்போதுதான் அவனுக்குத் தெரியும். நான் அப்படி நின்றிருக்கிறேன் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"ஏழு வயசுச் சேவல் ஒண்ணு சும்மா தர்றாங்க. வயசானத வச்சு என்ன தரம் பார்க்கறது?"

வாலிறகு மெலிந்திருக்கும், முள் நீண்டிருக்கும், காலில் செதில் தடித்திருக்கும். அவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். கையில் பிடித்து நெஞ்செலும்பையும் வால் குமிழையும் பாருங்கள், முடிந்தால் அதன் பிள்ளைகளைக் காட்டச் சொல்லுங்கள். நாலு பிள்ளை நேராக நின்றால் சேவலைப் பற்றி அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

என்னிடமும் எட்டு வயதில் ஒரு கிழவன் இருக்கிறான். கண் ஒன்று மங்கிவிட்டது. காலையில் கடை திறந்து துணி வெட்டுகிற மேசையில் விட்டால், கத்தரிக்கோல் சத்தம் கேட்டதும் நெஞ்சைத் தூக்கி நிற்பான். போன மாதம் பொரித்த ஆறில் மூன்று குஞ்சுக்குச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், மூன்றும் அவனுடையவை.